மேல்மாடிக்கு எத்தனை பேர்?

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால், நிலைக்கு நேர் நிலையாக வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிச் செல்வதும், கடைசி வாசலுக்கு அப்பால் பின் தெருவின் வெயில் ஒரு சிறு சதுரமாக விழுந்து கிடப்பதும் தெரியும். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று முன் தெருவில் தொடங்கும் வீடு பின் தெருவில்தான் முடிகிறது. காற்றும் வெளிச்சமும் தடையின்றி ஓட வேண்டும் என்று முன்னோர் போட்ட இந்த நேர்கோடு, கூட்டம் அவசரமாக வெளியேற வேண்டிய நேரத்தில் மிக நல்ல வழியாகவும் அமைந்துவிடுகிறது. மேல்மாடிப் படிக்கட்டோ இதற்கு நேர்மாறானது. எங்கள் வீட்டில் அது இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒருவர் ஏறும்போது எதிரே வருபவர் மேலேயே காத்து நிற்க வேண்டிய அகலத்தில், ஒவ்வொரு படியும் ஒரு சாணுக்குமேல் உயரமாக இருக்கிறது. கல்யாண நாட்களில் என் அப்பத்தா அதன் அடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "மேல இருக்கவுக இறங்கட்டும், அதுக்குப் பெறகு நீ ஏறு" என்று ஓடிவரும் பிள்ளைகளைக் கையை நீட்டித் தடுத்து நிறுத்துவார்.

புகழ்பெற்ற ஒரு கட்டடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் அதே வேளையில், அங்கே வருவோரின் உடலுக்கும் உயிருக்கும் ஊறு நேராமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். அப்பத்தா முக்காலியில் அமர்ந்து செய்த வேலையைத்தான் உலகின் பெரிய நினைவுச்சின்னங்களில் சீருடை அணிந்தவர்கள் நுழைவுச்சீட்டும் கடிகாரமும் கொண்டு செய்கிறார்கள். ஆயினும் பொதுவெளியில் இது பெரும்பாலும் திறப்பதா, பூட்டுவதா என்ற ஒற்றைக் கேள்வியாகவே பேசப்படுகிறது. விபத்து நடந்த மறுநாள் பூட்டச் சொல்கிறார்கள். சில மாதங்கள் கழிந்ததும், நம் சொத்தை நாமே பார்க்க முடியவில்லையே என்று திறக்கச் சொல்கிறார்கள். இப்படிக் கேட்பதே பிழை என்பது என் எண்ணம். ஒரே நேரத்தில் எத்தனை பேர், கட்டடத்தின் எந்தப் பகுதிக்கு, எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவார்கள், அவர்களை யார் கண்காணிப்பார்கள் என்று பிரித்துக் கேட்டால்தான் பயன்படும் விடை கிடைக்கும்.

இதை நன்கு விளங்கிக்கொள்ள நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் வரலாறு உதவும். பிரெஞ்சுச் சிற்பி பார்த்தோல்டி வடித்த அச்சிலை 1886 அக்டோபர் 28 அன்று திறந்து வைக்கப்பட்டது. வெளியே தெரிவது மெல்லிய செப்புத் தகடு. அதை உள்ளிருந்து தாங்குவது குஸ்தாவ் ஈஃபிள் வடிவமைத்த இரும்புச் சட்டகம். பீடத்தோடு சேர்த்து 305 அடி உயரமுள்ள அந்தச் சிலையின் கிரீடத்தில் 25 சன்னல்கள் இருக்கின்றன. பீடத்தின் உச்சியிலிருந்து கிரீடம் வரை 162 படிகள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று ஒன்றையொன்று தழுவிச் சுற்றும் இரட்டைச் சுருளாக அவை அமைந்திருக்கின்றன. கோடையில் செப்புத் தகடு காய்வதால் உள்ளே வெளியைவிடப் புழுக்கம் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது சிலைதான். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் கட்டடமாக அவர்கள் அதை எண்ணவில்லை. இன்றைய தீப்பாதுகாப்பு விதிகளோடு ஒத்துப்போகாமல் அச்சிலை நின்றதற்கு இதுவே காரணம்.

சிலை கையில் ஏந்தியிருக்கும் தீப்பந்தம் வரையிலும் ஒரு காலத்தில் மக்கள் ஏறிச் சென்றிருக்கிறார்கள். 1916 ஜூலை 30 அன்று, அருகிலிருந்த பிளாக் டாம் என்னுமிடத்தில் குவித்து வைத்திருந்த வெடிமருந்தை ஜெர்மானிய நாசகாரர்கள் வெடிக்க வைத்தபோது சிலைக்கும் சேதம் ஏற்பட்டது. அன்று மூடிய தீப்பந்தம் நூறாண்டு கடந்தும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. சேதத்தைச் சரிசெய்து பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அங்கே போவதற்குச் சிலையின் கைக்குள் இருப்பது ஒரு குறுகிய ஏணி மட்டுமே என்பதால், அந்த மூடல் சரியானதே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஏணியில் மேலே பத்துப் பேர் நிற்கும்போது ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவரை இறக்கிக் கொண்டுவர வழியே இல்லை.

கிரீடத்தின் கதை வேறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் தீவு முழுவதும் மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தீவு திறந்தது. 2004 ஆகஸ்டில் பீடம் திறந்தது. கிரீடம் மட்டும் 2009 ஜூலை 4 வரை மூடியே இருந்தது. மூடியது தாக்குதல் பயத்தால் என்றாலும், திறக்கத் தயங்கியதற்குப் பெரிய காரணம் படிக்கட்டுதான்: தீப்பிடித்தால் அத்தனை பேரையும் அந்தச் சுருளின் வழியாக எவ்வளவு நேரத்தில் கீழே கொண்டுவர முடியும் என்ற கேள்விக்கு நிறைவான விடை இல்லை. எட்டாண்டுகளுக்குப் பின் கண்ட தீர்வு எளிமையானது. ஒரு குழுவுக்குப் பத்துப் பேர், ஒரு மணி நேரத்துக்கு முப்பது பேர், ஒரு நாளைக்கு 240 பேர், உடன் ஒரு பூங்காக் காவலர் என்று வரையறுத்தார்கள். கைப்பிடிக் கம்பிகளை உயர்த்தினார்கள். தம் காலால் ஏறி இறங்க இயலாதவர்களுக்கும் குறிப்பிட்ட உயரத்தை எட்டாத சிறு குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 2011 அக்டோபரில் மீண்டும் மூடி, படிக்கட்டுகளையும் மின்தூக்கிகளையும் தீப்பாதுகாப்பையும் புதுப்பித்து, 2012 அக்டோபர் 28 அன்று திறந்தார்கள். மறுநாளே சாண்டி புயல் வந்து தீவைச் சிதைத்தது. சிலை திரும்பத் திறந்தது 2013 ஜூலை 4 அன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, திறப்பு பகுதி பகுதியாக நடந்தது என்பது. தீவு, பீடம், கிரீடம், தீப்பந்தம் ஆகிய நான்குக்கும் நான்கு விதமான விடைகள் கிடைத்தன; ஒரே கட்டடத்தில் ஒரு பகுதி எல்லோருக்கும் திறந்தும், ஒரு பகுதி சிலருக்கு மட்டும் திறந்தும், ஒரு பகுதி நிரந்தரமாக மூடியும் இருக்கலாம். ஏற முடியாதவர்களையும் அவர்கள் மறந்துவிடவில்லை. 1980களில் கழற்றிப் புதியது பொருத்தியபோது இறக்கிய பழைய தீப்பந்தத்தை, 2019இல் தீவில் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணெதிரே தரைமட்டத்தில் வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் முதியவரும் அதன் அருகே போய் நிற்கலாம்.

தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு காரியங்களுக்கு வழங்குகிறோம். திருடனும் சதிகாரனும் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே வந்தவர் விழாமல், நசுங்காமல், மூச்சுத் திணறாமல் வீடு திரும்பச் செய்வது மற்றொன்று. முதலாவதைக் காவல் என்றும் இரண்டாவதைப் பாதுகாப்பு என்றும் பிரித்து அழைத்தால் குழப்பம் தீரும். ஏனெனில் இவ்விரண்டும் கதவு விஷயத்தில் எதிரெதிரானவை. காவல் பார்ப்பவர் வாசல்களைக் குறைக்கப் பார்ப்பார். பாதுகாப்பைப் பார்ப்பவருக்கு வாசல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டில்தான். பங்காளிகள் பலருக்கும் பொதுவான அந்த வீட்டை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் நாற்பது பேர் பார்க்க வந்தார்கள். எல்லோரையும் ஒன்றாகவே மேல்மாடிக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் வளவின் நடுமுற்றத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க மேலே இருந்தவர்கள் கீழே ஓடிவர, முன்பே இறங்கி முற்றத்தில் நனைந்தவர்கள் ஒதுங்குவதற்காகப் படிக்கட்டுப் பக்கம் வர, அதே சமயம் மின்சாரமும் நின்றது. படிக்கட்டின் அடியில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது கண்ணாடி போல் குளிர்ச்சியாக இருக்கும் அந்தத் தளத்தில் சாரல் பட்டால் வெறுங்கால் நிற்காது. கடைசி இரண்டு படிகளில் ஒரு மாணவி வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. அவருக்குப் பின்னால் இருட்டில் நின்ற இருபது பேர் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாமல் தள்ளினார்கள். பின்வாசலைத் திறந்து கீழே இருந்த கூட்டத்தை அந்தப் பக்கம் அனுப்பலாம் என்று ஓடினேன். பூட்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குத்துவிளக்கு காணாமல் போனதால், வெளியார் வரும் நாட்களில் பின்வாசலைப் பூட்டிவிடுவது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். சாவி தேவகோட்டையில் ஒரு பங்காளி வீட்டில் இருந்தது. குத்துவிளக்கைக் காக்கச் செய்த ஏற்பாடு நாற்பது பிள்ளைகளை ஒரே வாசலில் நிறுத்திவிட்டது. அந்த மாணவி ஒரு வாரத்தில் நன்றாக நடந்தார் என்று பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருட்டும் குறுகிய படிக்கட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே மிகத் துயரமான சான்று இருக்கிறது. ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள டெல்லி குதுப்மினாருக்குள் 379 படிகள் சுருண்டு செல்கின்றன. 1981 டிசம்பர் 4 அன்று, உள்ளே கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் மின்விளக்குகள் அணைந்து, பீதியில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அன்றிலிருந்து பொதுமக்கள் உள்ளே ஏறுவதற்கு அனுமதி இல்லை. கோபுரம் இடிந்து விழவில்லை, தீப்பிடிக்கவில்லை, எவரும் தாக்கவில்லை. விளக்கு அணைந்தது மட்டுமே நடந்தது.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறக்கிறார்கள் என்று பொதுவாக நம்புகிறோம். உண்மையில் பலர் நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது வாசலில் இடும் ஒரு சிறு கோலத்தின் பரப்பு. அதற்குள் இரண்டு பேர் நின்றால் தாராளமாக நகரலாம். நான்கு பேர் நின்றால் இடிபடுவார்கள், ஆனாலும் தம் விருப்பப்படி நடக்க முடியும். ஐந்து, ஆறு என்று கூடிவிட்டால் தனி மனிதரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. கூட்டம் தண்ணீரைப் போல் அலையடிக்கத் தொடங்கும், பின்னால் ஒருவர் கொடுக்கும் சிறு உந்துதல் முன்வரிசை வரை போய்ச் சேரும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதே இதன் கொடுமை. இந்த எல்லையை எட்டிய பிறகு ஒலிபெருக்கியில் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. கூட்டத்தை வாசலுக்கு வெளியிலேயே, இடம் உள்ள இடத்தில் தேக்கி, சிறிது சிறிதாக விடுவதுதான் வழி. விநாயகர் சதுர்த்தி நாளில் பிள்ளையார்பட்டியில் தடுப்புக் கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து வரிசை நகர்வதைப் பார்க்கும்போது பலருக்கும் சலிப்பு வருவது இயல்பு. பாறையைக் குடைந்த அந்தச் சிறு கருவறை முன்னே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கு ஏற்ப வெளியிலேயே அந்த வரிசை அளந்து விடப்படுகிறது என்று தெரிந்தால், அச்சலிப்பு சற்றுக் குறையலாம்.

இனிப் படிக்கட்டின் கணக்குக்கு வருவோம். பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்காக வகுத்த வழிகாட்டி நூல் ஒன்றில், ஒரு மீட்டர் அகலமுள்ள சமதளப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேரும், அதே அகலமுள்ள படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்று கொள்கிறார்கள். அது சீரான உயரமும் நல்ல கைப்பிடியும் வெளிச்சமும் உள்ள புதிய படிக்கட்டுக்கான அளவு. எங்கள் வீட்டுப் படிக்கட்டு அரை மீட்டருக்குச் சற்றே அதிகம், படிகளும் உயரம். ஆகையால் அந்தக் கணக்கைப் பாதியாகக் குறைத்து, அதிலும் பாதியை எடுத்துக்கொள்வதே விவேகம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில், பழக்கமில்லாத ஒருவர் அதில் இறங்க இருபது விநாடி ஆகிறது, முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவில் நான்கு விநாடி இடைவெளி விழுகிறது. பன்னிரண்டு பேர் மேலே இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் எல்லோரும் கீழே வந்துவிடலாம். நாற்பது பேர் என்றால் மூன்று நிமிடத்தைத் தொடும், அதுவும் எவரும் தடுமாறாமல் இருந்தால். பழைய கட்டடத்தைத் திறக்க நினைப்பவர் எவரும் முதலில் செய்ய வேண்டியது இந்த அளவீடுதான். இதற்கு நிபுணர் வேண்டியதில்லை. ஒரு கைக்கடிகாரமும் பொறுமையும் போதும். கட்டடம் தாங்குமா என்பதை மட்டும் பொறியாளரிடம்தான் கேட்க வேண்டும்.

தாங்குமா என்று கேட்காமல் விட்டதன் விளைவைக் குஜராத்தின் மோர்பியில் கண்டோம். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தத் தொங்குபாலம் பழுதுபார்ப்புக்குப் பின் திறந்த சில நாட்களிலேயே, 2022 அக்டோபர் 30 அன்று, மக்கள் நிறைந்திருந்தபோது அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். இத்தாலியின் பைசா சாய்ந்த கோபுரத்தின் வரலாறு இதற்கு எதிரானது. 1989 மார்ச்சில் பவியா நகரத்தின் பழைய மணிக்கோபுரம் ஒன்று திடீரென்று இடிந்து நான்கு பேர் இறந்ததைக் கண்டு, பைசா கோபுரத்துக்கு எதுவும் நேர்வதற்கு முன்பாகவே 1990 ஜனவரியில் அதை மூடினார்கள். உலகெங்கும் பெயர்பெற்ற, ஊருக்கே வருமானம் தரும் ஒரு கோபுரத்தை, வேறோர் ஊரில் நடந்த விபத்தைப் பார்த்து மூடுவதற்குத் துணிவு வேண்டும். வடக்குப் பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, சாய்வை 45 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். சாய்வை முழுவதும் நிமிர்த்தவில்லை. அதைப் பார்க்கத்தானே மக்கள் வருகிறார்கள். இன்றும் குறித்த நேரத்துக்கு, குறித்த எண்ணிக்கையில்தான் ஏறலாம்; எட்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

இதுவரை மனிதரைக் கட்டடத்திடமிருந்து காப்பதைப் பற்றிச் சொன்னேன். கட்டடத்தை மனிதரிடமிருந்து காப்பது இதன் மறுபக்கம். பிரான்ஸின் லாஸ்கோ குகையில் ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்கள், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலேயே கெடத் தொடங்கியதால் 1963இல் அது மூடப்பட்டது. 1983இல் அருகிலேயே அதன் நகல் ஒன்றைத் திறந்தார்கள். புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள சித்தன்னவாசலின் சமணக் குடைவரையில் எஞ்சியிருக்கும் தாமரைக் குள ஓவியம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தச் சிறு மண்டபத்தில் சில பேர் நின்றாலே தோள் தூணில் படும். தூணிலும் ஓவியம் இருக்கிறது. அதே குன்றின் சரிவில் இருக்கும் ஏழடிப்பட்டத்தில் நிலைமை வேறு: பாறையில் செதுக்கிய ஏழு அடிப் பள்ளங்களால் பெயர்பெற்ற அந்த வழியில், இரும்புக் கைப்பிடி இருப்பதால்தான் நம்மைப் போன்றோர் சமணர் படுக்கைகள் வரை போக முடிகிறது. ஒரே குன்றில், ஓரிடத்தில் ஆட்களைக் குறைப்பதும் ஓரிடத்தில் கம்பி நடுவதும் தேவையாக இருக்கின்றன.

கம்பி நடுவது குறித்துத் தொல்லியல் ஆர்வலர்கள் பலர் வருந்துவார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பழைய கல்லில் துளையிட்டால் அந்தத் துளை என்றைக்கும் இருக்கும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டைக்கு ஏறியவர்களுக்கு இச்சிக்கல் நேரில் தெரியும். பாறையின் இடையில் குடைந்திருக்கும் சிறு சிவன் சன்னதிக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உச்சியில் பீரங்கி நிற்கும் மேடையிலிருந்து பார்த்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் விரியும். நடுவே வழுவழுப்பான மொட்டைப் பாறை. மழை பெய்த மறுநாள் அங்கே ஏறுவதும், பங்குனி வெயிலில் உச்சிப் பொழுதில் ஏறுவதும் ஒன்றல்ல. பின்னாளில் கழற்றினால் தடம் தெரியாதபடி பொருத்தக்கூடிய கைப்பிடி, நடக்கும் தடத்தைக் காட்டும் கோடு, மழைநாளில் மேல்பகுதியை மட்டும் அடைக்கும் ஒரு சங்கிலி என்று குறைந்த தலையீட்டில் செய்யக்கூடியவை பல. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்குச் செல்லும் படகுகளைக் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். அதை எவரும் உரிமை மறுப்பாகக் கருதுவதில்லை. மலைக்கும் அதே நியாயத்தை ஏற்கலாம்.

எண்ணிக்கையைக் குறைத்தால், யாருக்கு இடம் என்ற கேள்வி உடனே எழுகிறது. இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. கட்டணத்தை உயர்த்துவது எளிய வழி. தாஜ்மகாலில் 2018 ஏப்ரல் முதல் ஒருவர் மூன்று மணி நேரம் மட்டுமே வளாகத்துக்குள் இருக்கலாம் என்று வரையறுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில், கல்லறை மண்டபத்துக்குள் போக 200 ரூபாய் தனிக் கட்டணம் விதித்தார்கள். நேர வரம்பு எல்லோரையும் ஒன்றாக நடத்துகிறது; கட்டணம் அப்படிச் செய்வதில்லை. ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் ஐந்து பேர் என்றால் ஆயிரம் ரூபாய். முன்பதிவு செய்வோருக்கு மட்டும் என்றாலும், பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடக்கூடிய வெளியூர்ப் பயணிக்கு இடம் கிடைக்கும். பக்கத்து ஊரிலிருந்து நினைத்தபோது பேருந்தேறி வரும் முதியவருக்குக் கிடைக்காது. நேரப் பிரிவுகளில் ஒரு பங்கை நேரில் வருவோருக்கென ஒதுக்கி வைப்பதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன். அதனால் வாசலில் ஒருவர் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தாலும் அச்செலவு தகும்.

செட்டிநாட்டில் இக்கேள்விகள் இன்னும் சிக்கலானவை. 2014இல் இப்பகுதியின் ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பயணிகள் வருவது பெருகிவிட்டது. திருமயம் கோட்டையும் சித்தன்னவாசலும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. வீடுகளோ தனியாருடையவை, பல வீடுகளில் பங்காளிகள் பத்து, இருபது பேர், அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, காவலுக்கு வயதான ஒருவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பர்மாத் தேக்குத் தூண்கள் இன்னும் நூறாண்டு நிற்கும். ஆனால் ஓடு விலகி நீர் இறங்கிய இடத்தில் மேல்தள உத்தரம் உள்ளே இற்றுப்போயிருப்பது கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வருகிறவர் கேட்டுக்கொண்டாரே என்று மேல்மாடியைத் திறந்துவிடும் காவல்காரருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எவரும் இல்லை. விபத்து நடந்தால் பொறுப்பு அவர் தலையில் விழுவது அநியாயம். எத்தனை பேரை விடலாம், எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், எந்த அறைக்குள் விடக்கூடாது என்பதைப் பங்காளிகள் கூடிப் பேசி, எழுதி, அவர் கையில் கொடுப்பது வீட்டுக்காரர்களின் கடமை.

எங்கள் வீட்டில் அந்த ஐப்பசிக்குப் பின் செய்தவை பெரிய செலவானவை அல்ல. படிக்கட்டில் மின்கலத்தில் எரியும் இரண்டு விளக்குகள். ஒரு பக்கச் சுவரில் தேக்குக் கைப்பிடி. மழை வந்தால் அடிப்படிக்கு முன்னால் விரிக்க இரண்டு கயிற்றுப்பாய். மேலே ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர். பின்வாசலைப் பூட்டுவதில்லை, உள்ளிருந்து எவரும் தள்ளித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளைப் போட்டு, அங்கே ஒரு ஆளை உட்கார வைக்கிறோம். விலையுயர்ந்த விளக்குகளை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம். ஏற முடியாதவர்களுக்காக மேல்மாடிக் கூடத்தின் பெரிய புகைப்படங்களைப் பட்டாலையில் மாட்டியிருக்கிறோம். முழங்கால் வலியுள்ளவர்கள் அவற்றின் முன் நெடுநேரம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மேல்மாடியின் மேற்கு அறையில் ஓர் உத்தரம் இற்றிருப்பதாகப் பொறியாளர் சொன்னதால் அதை மட்டும் பூட்டியிருக்கிறோம். அங்கேதான் பழைய சாளரத்தின் வண்ணக் கண்ணாடிகள் இருப்பதால் வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். பூட்டிய கதவில் 'அனுமதி இல்லை' என்று மட்டும் எழுதினால் போதாது என்று என் மகள் சொன்னாள். இப்போது அங்கே தொங்கும் பலகையில், உத்தரம் பழுது என்ற காரணமும், பொறியாளர் பார்த்த நாளும், வரும் தை மாதத்தில் மாற்றிவிட்டுத் திறப்போம் என்ற செய்தியும் எழுதியிருக்கின்றன. தேக்கு மரம் வாங்கி வந்தாயிற்று. வளவின் கிழக்கு ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.